எடைப் பங்கீட்டு ஹிட்ச்: 28 அடி டிரெய்லருக்கு அது வேண்டுமா?

டிரக்கின் பின்பம்பருக்கு அடியில், குனிந்து பார்த்தால் மட்டுமே கண்ணில் படும் இடத்தில், ஒரு சிறிய ஒட்டுச்சீட்டு இருக்கிறது. எங்கள் ஃபோர்டு எஃப்-150இல் உள்ள அந்தச் சீட்டில் இரண்டு வரிசை எண்கள் அச்சிடப்பட்டுள்ளன. டிரெய்லரை, டிரக்கோடு அதை இணைக்கும் ஹிட்ச் என்னும் அமைப்பின் வெறும் பந்தில் மாட்டி இழுப்பதானால் டிரெய்லரின் எடை 5,000 பவுண்டு வரையிலும், பந்தின்மேல் இறங்கும் பாரம் 500 பவுண்டு வரையிலும் இருக்கலாம். எடையைப் பங்கிட்டுத் தரும் ஹிட்ச்சைப் பூட்டி இழுப்பதானால் அவ்விரண்டு வரம்புகளும் இரு மடங்குக்கும் மேல் உயர்கின்றன. டென்வரில் வசிக்கும் நாங்கள், பயணத்தில் தங்குவதற்கான 28 அடி டிராவல் டிரெய்லர் ஒன்றை வாங்கிய நாளில் இந்தச் சீட்டைப் படித்திருந்தால், முதல் பருவத்தை அச்சத்தோடு கழித்திருக்க வேண்டியதில்லை.

டிரெய்லரை விற்றவர் எங்களிடம் உறுதியாகச் சொன்னது வேறு. "இந்த டிரக்குக்கு அதெல்லாம் தேவையில்லை, பின்பக்கம் தாழ்ந்தால் ஏர் பேக் போட்டுக்கொள்ளுங்கள், சரியாகிவிடும்" என்றார். அவர் சொன்ன ஏர் பேக், டிரக்கின் பின் ஸ்பிரிங்குகளுக்குத் துணையாக வைக்கும் காற்றுப்பை. நாங்களும் நம்பி, வெறும் பந்தில் மாட்டி வீட்டுக்கு ஓட்டி வந்தோம். வரும் வழியில் ஸ்டியரிங் பஞ்சுபோல் இலேசாக இருந்தது. அந்தி வேளையில் எதிரே வந்த வண்டிகள் ஒவ்வொன்றாக விளக்கை மின்னி எச்சரித்தன. எங்கள் முகப்பு விளக்குகள் சாலையை விட்டு அவர்களுடைய கண்களைக் குறிபார்த்திருந்தன. பெரிய சரக்கு லாரி ஒன்று முந்திச் சென்றபோது டிரெய்லர் ஒருமுறை அசைந்து, அந்த அசைவு டிரக்கின் வாலைப் பிடித்து ஆட்டியது. பின்னிருக்கையில் இரண்டு குழந்தைகள் இருந்தார்கள். வீட்டை அடைந்ததும் என் மனைவி, "இதன் கணக்கு என்னவென்று தெரிந்துகொள்ளாமல் இனி இதை நாம் எடுக்க வேண்டாம்" என்றார். இந்த மதிப்புரை அந்தக் கணக்கைப் பற்றியதும், அதன் முடிவில் நாங்கள் வாங்கிய ஹிட்ச்சைப் பற்றியதும் ஆகும்.

எங்கள் தாத்தா மாட்டு வண்டியில் கரும்பேற்றும்போது அடிக்கடி சொன்ன இரண்டு சொற்கள் முன்பாரம், பின்பாரம் என்பவை. அச்சுக்குப் பின்னால் பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழுந்து மாட்டின் கழுத்தை இழுக்கும். முன்னால் மிகுந்தால் கழுத்தை அழுத்தி நசுக்கும். அளவான முன்பாரம் இருந்தால்தான் வண்டி நேராக ஓடும். டிராவல் டிரெய்லருக்கும் இதே நியதிதான். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை ஹிட்ச் பந்தின்மேல் இறங்க வேண்டும். இதையே இங்கே டங் வெயிட் என்கிறார்கள். அது 10 விழுக்காட்டுக்குக் கீழே போனால் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். ஆகவே டங் வெயிட்டைக் குறைத்து டிரக்கைக் காப்பாற்றலாம் என்று எண்ணுவது ஆபத்தானது. பாரம் இருந்தே ஆக வேண்டும். அதை டிரக் எப்படித் தாங்குகிறது என்பதே கேள்வி.

அந்தப் பந்து டிரக்கின் பின்னச்சின்மேல் இல்லை, அதற்கு ஏறக்குறைய 65 அங்குலம் பின்னால் தொங்குகிறது. எங்கள் டிரக்கின் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 145 அங்குலம். பந்தின்மேல் 800 பவுண்டு அமர்ந்தால், பின்னச்சு ஏற்றத்தின் நடுக்கால்போல் நிற்க, முன்னச்சு மேலே தூக்கப்படுகிறது. 800ஐ 65ஆல் பெருக்கி 145ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 360 பவுண்டு முன்னச்சிலிருந்து பறிபோவது தெரியும். அந்த 360 பவுண்டும் மூல 800உடன் சேர்ந்து 1,160 பவுண்டாகப் பின்னச்சில் இறங்குகிறது. வண்டியைத் திருப்புபவை முன்சக்கரங்கள். நிறுத்துவதில் பெரும்பங்கு வகிப்பவையும் அவையே. ஸ்டியரிங் பஞ்சாக இருந்ததன் காரணம் இதுதான். ஏர் பேக் இந்த இடத்தில் உதவாது. அது பின்பக்கத்தைத் தூக்கி டிரக்கை மட்டமாகக் காட்டுமே தவிர, பறிபோன எடையை முன்னச்சுக்குத் திருப்பித் தராது. தோற்றம் சரியாகிவிடுவதால் ஓட்டுபவரின் எச்சரிக்கை உணர்வும் மங்கிப்போகும் என்பதால் அந்த ஆலோசனை எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

எடைப் பங்கீட்டு ஹிட்ச் செய்யும் வேலை எளிமையானது. பந்தைத் தாங்கும் தலைப்பகுதியிலிருந்து இரண்டு கனத்த எஃகுத் தண்டுகள் டிரெய்லரின் சட்டத்துக்கு அடியில் பின்னோக்கி நீள்கின்றன. ஸ்பிரிங் பார் என்று அழைக்கப்படும் இவற்றின் மறுமுனைகளை மேலே வளைத்துச் சட்டத்தில் உள்ள தாங்கிகளில் அமர்த்தும்போது, அவை நிமிர முயன்று டிரக்கின் மூக்கைக் கீழே அழுத்துகின்றன. பின்னச்சின் கூடுதல் பாரத்தில் ஒரு பகுதி முன்னச்சுக்கும், மற்றொரு சிறு பகுதி டிரெய்லரின் அச்சுகளுக்கும் போய்ச் சேருகிறது. தள்ளுவண்டியின் கைப்பிடிகளைத் தூக்கினால் பாரம் முன்சக்கரத்துக்கு நகர்வது போன்றது இது.

நாங்கள் தேர்ந்தெடுத்தது நான்கு இடங்களில் உராய்வு தரும் வகை. பார்கள் தலையில் நுழையும் இரண்டு இடங்களும், அவை சட்டத்தில் அமரும் இரண்டு தாங்கிகளும் இறுக்கமான உராய்வோடு நகர்வதால் டிரெய்லரின் பக்கவாட்டு அசைவும் தணிகிறது. 10,000 பவுண்டு டிரெய்லருக்கும் 1,000 பவுண்டு டங் வெயிட்டுக்கும் உரிய அளவை வாங்கினோம். விலை ஏறக்குறைய 750 டாலர், பொருத்துக்கூலி தனி. அளவைத் தேர்வதில் ஒரு கவனம் வேண்டும். எங்கள் டிரெய்லரின் விளம்பர ஏட்டில் டங் வெயிட் 560 பவுண்டு என்றிருந்தது. அது பேட்டரியும், நிரம்பிய இரண்டு புரொப்பேன் சிலிண்டர்களும், முன்புறச் சாமான் அறையில் நாம் வைக்கும் பொருள்களும் இல்லாத காலி வண்டியின் கணக்கு. அதை நம்பி 600 பவுண்டு அளவுள்ள ஹிட்ச்சை வாங்கியிருந்தால் பணம் வீணாகியிருக்கும். அதேவேளையில் மிகப்பெரிய அளவை வாங்குவதும் தவறு. பார்கள் வளைந்து கொடுக்காமல் டிரக்கின் சட்டத்தையும் டிரெய்லரின் சட்டத்தையும் வருத்தும்.

பொருத்தித் தந்த பட்டறை, வேலையை முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு, டிரக் மட்டமாக நிற்பதைக் காட்டி அனுப்பியது. பார்வைக்கு எல்லாம் அழகாகவே இருந்தது. ஆனால் மழை பெய்த ஒரு வார இறுதியில், நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் வளைவொன்றில் டிரக்கின் பின்பக்கம் தரையைப் பிடிக்காமல் வெளியே நழுவப் பார்த்தது. மறுநாள் காலையே ஐ-25 நெடுஞ்சாலையோர டிரக் நிறுத்தம் ஒன்றில் உள்ள, கேட் (CAT) என்ற நிறுவனத்தின் வண்டி எடைமேடைக்குப் போனேன். இந்த எடைமேடைகள் அமெரிக்காவெங்கும், கனடாவிலும் உள்ளன. முன்னச்சு, பின்னச்சு, டிரெய்லர் அச்சுகள் என மூன்று தட்டுகளில் தனித்தனியே நிறுத்து, நான்காவது எண்ணாக மொத்தத்தையும் அச்சிட்டுத் தருவார்கள். முதல் நிறுவைக்கு ஒரு கட்டணம். 24 மணி நேரத்துக்குள் அதே இடத்தில் மறுபடி நிறுத்தால் கட்டணம் வெகுவாகக் குறைவு. கைப்பேசிச் செயலியிலேயே பணம் கட்டிச் சீட்டைப் பெறலாம், வண்டியை விட்டு இறங்கவும் தேவையில்லை.

அன்று குழந்தைகளையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு, பயணத்துக்குக் கிளம்புவது போலவே போய், மூன்று முறை நிறுத்தேன். பட்டறை பூட்டியபடியே முதல் நிறுவை: முன்னச்சு 3,180, பின்னச்சு 3,140, டிரெய்லர் அச்சுகள் 6,200. அடுத்து, பார்களைக் கழற்றி, ஹிட்ச் தலையை மட்டும் வைத்துக்கொண்டு: 2,760, 3,780, 5,980. கடைசியாக டிரெய்லரை நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு, ஹிட்ச்சையும் உருவிவைத்து, டிரக் மட்டும்: முன்னச்சு 3,120, பின்னச்சு 2,620.

இந்த மூன்று சீட்டுகளும் எனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டன. பார்கள் இல்லாமல் டிரக்கின் இரு அச்சுகளும் சேர்ந்து 6,540. டிரக் தனியே 5,740. வேறுபாடான 800 பவுண்டே, ஹிட்ச்சின் சொந்த எடையும் உட்பட, பந்துப் பக்கம் இறங்கும் பாரம். ஹிட்ச்சோடு டிரெய்லர் 6,780 பவுண்டு. அதில் 800 என்பது 12 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு, அதாவது நல்ல அளவு. ஒட்டுச்சீட்டின் 500 பவுண்டு வரம்பையும் 5,000 பவுண்டு வரம்பையும் நாங்கள் வெறும் பந்தில் ஓட்டி வந்த அன்றே தாண்டியிருக்கிறோம். கதவுநிலையில் ஒட்டியுள்ள தகட்டின்படி பின்னச்சு தாங்கக்கூடியது 3,800. நாங்கள் 3,780இல் நின்றிருந்தோம். ஓர் ஐஸ் பெட்டியை டிரக்கின் பின்தட்டில் வைத்திருந்தால் வரம்பு மீறியிருக்கும். எங்கள் வண்டிக்கு எடைப் பங்கீட்டு ஹிட்ச் வேண்டுமா என்ற கேள்விக்கு இந்த இரண்டாவது சீட்டே விடை.

முதல் சீட்டோ பட்டறையின் பிழையைக் காட்டியது. டிரக் தனியாக நிற்கும்போது முன்னச்சில் 3,120 இருக்க, டிரெய்லரைப் பூட்டியபின் 3,180 இருந்தது. அதாவது பறிபோன 360 பவுண்டையும் திருப்பிக் கொடுத்து, அதற்கு மேலும் 60 பவுண்டை முன்னே தள்ளியிருந்தார்கள். பாரம் அதிகமாகத் திரும்பினால் பாதுகாப்பும் அதிகம் என்று பலர் எண்ணுகிறார்கள்; உண்மை அப்படியன்று. டிரெய்லரின் பக்கவாட்டு உந்தலைத் தாங்க வேண்டியவை டிரக்கின் பின்சக்கரங்கள். அவற்றின் மேலிருந்த பாரத்தை அளவுக்கு மீறி எடுத்துவிட்டால் பின்பக்கம் பிடிப்பிழந்து வெளியே சுழலும். மழை நாளின் வளைவில் நான் உணர்ந்தது அதையே. எங்கள் டிரக்கின் கையேடு, இழந்த முன்னச்சு எடையில் ஏறக்குறைய பாதியை மட்டும் திருப்பினால் போதும் என்று தெளிவாகச் சொல்கிறது. வண்டிக்கு வண்டி இந்த அளவு மாறும் என்பதால், ஹிட்ச்சோடு வரும் குறிப்பைவிட டிரக்கின் கையேட்டையே முதலில் பார்க்க வேண்டும். அந்தக் கையேடு வண்டிக்குள் கையெட்டும் பெட்டியிலேயே இருந்தது. பட்டறையில் எவரும் அதைக் கேட்கவில்லை. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை.

சரிசெய்வது கடினமான வேலை அல்ல, பொறுமை வேண்டும். எடைமேடை அருகில் இல்லாதவர்களுக்கு அளவுநாடாவே போதும். சமதரையில் டிரக்கைத் தனியே நிறுத்தி, முன்சக்கரத்தின் மேல்வளைவு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்தேன்: 37 அங்குலம். டிரெய்லரை மாட்டி, பார்கள் இல்லாமல் அளந்தேன்: 38¼. ஒன்றேகால் அங்குலம் தூக்கியிருக்கிறது. பாதி திரும்ப வேண்டுமானால் பார்களைப் பூட்டியபின் ஏறக்குறைய 37⅝ வர வேண்டும். ஹிட்ச் தலையின் சாய்வை நிர்ணயிக்கும் வாஷர்கள் ஆறு இருந்தன. இரண்டை எடுத்துவிட்டு, தாங்கிகளின் உயரத்தை ஒரு துளை மாற்றியபோது அந்த அளவு கிடைத்தது. மறுபடியும் எடைமேடை: முன்னச்சு 2,940, பின்னச்சு 3,500, டிரெய்லர் அச்சுகள் 6,080. மொத்தம் அதே 12,520. பின்னச்சுக்கு 300 பவுண்டு இடைவெளி கிடைத்தது. டிரெய்லர் அச்சுகளுக்குப் போனது 100 பவுண்டு மட்டுமே என்பதையும் கவனிக்க வேண்டும். இந்த ஹிட்ச் பாரத்தை நகர்த்துகிறதே தவிரக் கரைப்பதில்லை. டிரக்கின் சுமைத்திறன் போதவில்லை என்றால் அதற்கு மருந்து பெரிய டிரக்கோ சிறிய டிரெய்லரோதான்.

ஆகஸ்டில் நாங்கள் வயோமிங் மாநிலத்தின் கிராண்ட் டீட்டான் தேசியப் பூங்காவுக்குப் போனோம். லாரமியிலிருந்து ராலின்ஸ் வரையிலான ஐ-80 சாலை, குறிப்பாக எல்க் மலையை ஒட்டிய பகுதி, பக்கக்காற்றுக்குப் பெயர்போனது. காற்று மிகும்போது எடை குறைந்த உயரமான வண்டிகளுக்கு அந்தச் சாலையை வயோமிங் மாநிலத்தார் மூடிவிடுவார்கள். நாங்கள் போன அன்று மிதமான காற்று. மணிக்கு 60 மைலைத் தாண்டாமல் ஓட்டினேன். சரக்கு லாரிகள் முந்தும்போது முதலில் ஒரு மெல்லிய இழுப்பு, பின்னர் ஒரு தள்ளல், அவ்வளவே. டிரெய்லர் ஒரே அசைவில் அடங்கியது. ராலின்ஸிலிருந்து லாண்டர், டுபாய்ஸ் வழியாக 9,600 அடிக்கு மேலுள்ள டோக்வோட்டி கணவாயைக் கடந்து இறங்கும் நெடிய சரிவில், கியரைக் குறைத்து அவ்வப்போது பிரேக்கை அழுத்தியபோது டிரக்கின் முன்பக்கம் தரையைப் பற்றி நின்றதை ஸ்டியரிங்கிலேயே உணர முடிந்தது. ஓராண்டுக்கு முன் அந்தி நேரத்தில் ஓட்டி வந்த அதே வண்டிகள்தாமா இவை என்று வியந்தேன். திரும்பும்போது காற்றுப் பலகைகள் கடுமையான எச்சரிக்கை காட்டின. ராலின்ஸிலேயே ஓரிரவு தங்கினோம். எந்த ஹிட்ச்சும் காற்றோடு போட்டியிடுவதற்கான அனுமதிச்சீட்டு அன்று.

ஹிட்ச்சின் அன்றாடப் பயன்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். தலையும் பார்களும் தாங்கிகளும் சேர்ந்து ஏறக்குறைய 90 பவுண்டு. தலையை மட்டும் தூக்கி மாட்டுவதற்கே முதுகு உறுதியாக இருக்க வேண்டும். வளைவுகளில் இரும்பு இரும்போடு உரசி முனகும் ஒலி டிரக்கின் உள்ளேயும் கேட்கும். பாகங்களுக்குக் கிரீஸ் இடலாம், ஆனால் தாங்கிகளின் மேல்தளத்தில் இடக்கூடாது. அசைவைத் தணிப்பதே அந்த உராய்வுதான். பார்களை மாட்டும்போது வெறும் கைவலுவை நம்பக் கூடாது. பந்தைப் பூட்டியபின் டிரெய்லரின் முன்ஜாக்கால் டிரக்கின் பின்பக்கத்தையும் சேர்த்து உயர்த்தினால் பார்கள் தளர்ந்து எளிதில் தாங்கிக்குள் நழுவும். பள்ளமான தரையில் நின்றுகொண்டு நெம்புகோலால் வலிந்து ஏற்றுவது கை எலும்பை முறித்துவிடும். அந்தத் தண்டுகளில் தேங்கியிருக்கும் விசை அத்தகையது. பின்னோக்கி ஓட்டும்போது இவ்வகையில் எதையும் கழற்ற வேண்டாம் என்பது பெரிய வசதி. தனியாகப் பொருத்தப்படும் உராய்வுத் தண்டு வகைகளில் அதைக் கழற்றாமல் ஒடித்துத் திருப்பினால் தண்டு வளைந்துவிடும்.

சந்தையில் வேறு வகைகளும் உள்ளன. ஆண்டர்சன் நிறுவனத்தின் ஹிட்ச் தண்டுகளுக்குப் பதிலாகச் சங்கிலிகளையும் யூரித்தேன் அடக்கிகளையும் பயன்படுத்துகிறது. எடை குறைவு, ஓசையும் இல்லை. ஜிம் ஹென்ஸ்லி வடிவமைத்த ஹென்ஸ்லி ஆரோவும், பின்னாளில் அவரே வடிவமைத்த புரோபிரைடும் டிரெய்லர் திரும்பும் புள்ளியையே பின்னச்சை நோக்கி முன்னகர்த்தி, வாலாட்டம் தொடங்கவே விடாமல் தடுக்கும் இணைப்புமுறையைக் கொண்டவை. அவற்றின் விலை எங்களுடையதைப்போல் பல மடங்கு. 30 அடிக்கு மேற்பட்ட டிரெய்லரை ஆண்டு முழுவதும் இழுப்பவர்களுக்கு அந்தச் செலவு நியாயமானது என்பது என் கருத்து; எங்களைப்போல் கோடையில் ஐந்தாறு பயணம் போகிறவர்களுக்கு உராய்வு வகையே போதும்.

யாருக்கு இது வேண்டாம் என்பதும் முக்கியம். முக்கால் டன், ஒரு டன் என்று வகைப்படுத்தப்படும், எங்களுடையதைவிட வலுவான டிரக் வைத்திருப்பவர்கள் இதே டிரெய்லரை வெறும் பந்தில் மாட்டினாலும் தங்கள் ஒட்டுச்சீட்டின் வரம்புக்குள் இருக்கக்கூடும். அவர்களுக்கு அசைவைத் தணிக்கும் ஏற்பாடு மட்டும் போதுமானதாக இருக்கலாம். டிரக்கின் தட்டிலேயே அமரும் ஃபிப்த் வீல் டிரெய்லர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. சில எஸ்யுவி வண்டிகளின் கையேடுகள் எடைப் பங்கீட்டு ஹிட்ச்சைப் பயன்படுத்தவே கூடாது என்று தடுக்கின்றன. அவ்வண்டிகளின் பின்கட்டமைப்பு அந்த முறுக்கு விசைக்காக வடிவமைக்கப்படவில்லை. அங்கே கையேட்டை மீறுவதைவிடச் சிறிய டிரெய்லரைத் தேடுவதே தகும்.

ஹிட்ச்சைப் பூட்டியதோடு கணக்கு முடிந்துவிடாது என்பதைச் செப்டம்பரில் கற்றுக்கொண்டேன். தண்ணீர் வசதியில்லாத முகாமிடத்துக்குப் போக 40 காலன் தொட்டியை வீட்டிலேயே நிரப்பினேன். ஒரு காலன் 8.34 பவுண்டு, தொட்டி முழுவதும் 334 பவுண்டு. எங்கள் தொட்டி டிரெய்லர் அச்சுகளுக்குச் சுமார் ஐந்தடி பின்னால் இருக்கிறது. பந்தோ அச்சுகளுக்கு 18 அடி முன்னால். தாத்தா சொன்ன பின்பாரம் இதுதான்: பந்தின்மேலிருந்து 90 பவுண்டுக்கு மேல் குறைந்து, டங் வெயிட் 10 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. தெருமுனையைத் தாண்டுவதற்குள் கணக்குப் போட்டுப் பார்த்து வண்டியைத் திருப்பி, பாதித் தண்ணீரை வடித்து, கருவிப்பெட்டியையும் ஜெனரேட்டரையும் முன்னறைக்கு மாற்றினோம். இப்போது மிதிவண்டிகள் நான்கையும் பின்பம்பரில் தொங்கவிட வேண்டும் என்று குழந்தைகள் கேட்கிறார்கள். எடைமேடைக்குப் போய் வந்த பிறகு சொல்கிறேன் என்று பதில் சொல்லியிருக்கிறேன்.